தென் துருவத்துக்கு ஒருத்தர் மட்டும்

மற்றவர்கள் எடுக்கும் தீர்மானங்கள் சின்னவை. காலை ஐந்து மணிக்கு எழுந்திருப்பது, காபியில் சர்க்கரையைக் குறைப்பது, டைரி எழுதுவது. நான் எடுத்த தீர்மானம் தென் துருவம். அதுவும் தனியாக.

ஏன் தென் துருவம் என்று கேட்பீர்கள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், பக்கத்தில் யாரும் இல்லையே? என் மனைவியின் போன் எட்டாத இடம் எது என்று உலகப் படத்தில் விரல் வைத்துத் தேடிக்கொண்டே போனேன். விரல் படத்தின் அடி விளிம்பில் போய் நின்றது. அதற்குக் கீழே மேசைதான்.

ஒரு நாளைக்குப் பதினோரு தடவை போன் செய்வாள். கேள்வி ஒன்றுதான்.

"எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்லதான்."

"ஆபீஸ்ல எங்க?"

"சீட்ல."

"சரி, வைக்கிறேன்."

கல்யாணமான புதிதில் ஆபீஸ் மேசைப் போனில் ஆரம்பித்தது. அப்புறம் செல்போன் வந்து, கேள்வி என் சட்டைப் பைக்கே குடிவந்துவிட்டது. முடிவெட்டும் கடையில் பதில் சொல்லியிருக்கிறேன். பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை வீட்டுக் குளியலறையில் இருந்தபோதே போன் வந்தது. அவள் சமையலறையில் இருந்தாள். நடுவில் ஒரு சுவர்தான்.

நான் குளிர்பதனக் கிடங்கில் மேலாளர். மீன், இறைச்சி, பட்டாணி, ஐஸ்கிரீம் எல்லாம் மைனஸ் பதினெட்டு டிகிரியில் தூங்கும் பெரிய கிடங்கு. முப்பது வருஷம் அங்கே குப்பை கொட்டியாகிவிட்டது, அந்த மாதத்தோடு ஓய்வு. என் முதலாளியின் மைத்துனர் கப்பல் பயணங்கள் நடத்துகிறவர். வாழ்நாள் முழுக்கக் குளிரில் உழைத்தவருக்குக் குளிரையே பரிசாகக் கொடுப்போம் என்று இரண்டு பேரில் எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ, கடிதம் வந்தது. துருவக் கப்பலில் பதினான்கு நாள் பயணம். பனிமலை, பென்குயின், ரப்பர் படகில் போய்க் கரையில் இறங்குவது, எல்லாம் உண்டு. கப்பல் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் செல்போன் வேலை செய்யாது, மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார்கள். மன்னிப்பா? அந்த வரிக்காகவே அவர்களுக்கு மாலை போட்டிருப்பேன்.

ஒரே ஒரு சொல்தான் இடித்தது. 'இருவருக்கு.'

கடிதத்தை நாலாக மடித்து, பத்திரமான இடமாகப் பார்த்து என் சாப்பாட்டுப் பையின் அடியில் ஒளித்துவைத்தேன். நாலு நாள் யோசித்தேன். நடுவில் ஒரு சாயங்காலம் 'பிரஷர் பாத்து ரொம்ப நாளாச்சு' என்று அவள் என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். என் மூளையெல்லாம் தென் துருவத்தில் இருந்ததால் அவர் என்ன எழுதினார் என்றுகூடக் கவனிக்கவில்லை.

பரிசு ஒருத்தருக்குத்தான் என்று பொய் சொல்ல முடியாது. வழியனுப்பு விழாவில் முதலாளி மைக்கைப் பிடித்து 'இருவருக்கு' என்று முழங்குவார். முன் வரிசையில் அவள் உட்கார்ந்திருப்பாள். ஆகவே அவளாகவே 'நான் வரலைங்க' என்று சொல்ல வேண்டும். அதற்கு வழி என்ன?

வழி எங்கள் வீட்டுக் கூரையில் சுற்றிக்கொண்டிருந்தது. மின்விசிறி. முப்பது வருஷமாக அதில் எங்களுக்குள் ஒரு போர். நான் ஐந்தில் வைப்பேன். கண் அயர்ந்ததும் அவள் இரண்டுக்குக் குறைத்துவிடுவாள். விசிறிக் காற்றையே தாங்காதவள் பனிக்காற்றை எப்படித் தாங்குவாள்? மைனஸ் பதினெட்டில் இரண்டு நிமிஷம் உட்கார வைத்தால் போதும், துருவம் இருக்கிற திசைக்கே பெரிய கும்பிடு போட்டுவிடுவாள். மைனஸ் பதினெட்டுக்கோ சாவி என் இடுப்பில்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் நானே ஒரு படிவம் அடித்தேன். 'துருவப் பயணிகளுக்கான குளிர் தாங்கும் தகுதிச் சோதனை. பயணியின் மனைவியார் மைனஸ் பதினெட்டு டிகிரியில் இருபது நிமிடம் அமர்ந்து காட்ட வேண்டும்.' அச்செடுத்துப் பார்த்தேன். கம்பீரமாக இருந்தது.

இங்கே ஒரு சின்ன விஷயத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. என் மனைவி அரசு அலுவலகத்தில் மூன்றாம் எண் ஜன்னலில் உட்கார்ந்து விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறவள். இருபத்தெட்டு வருஷமாக ஊரில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவளை ஒரு படிவத்தை வைத்து ஏமாற்ற நினைத்த ஆண்பிள்ளை பூமியில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

அன்று சாயங்காலம் பரிசு விஷயத்தைச் சொன்னேன். ஆச்சரியப்பட்டாள். படிவத்தை நீட்டினேன். தலையில் இருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கியது.

"இது எங்க இருந்து வந்தது?"

"கப்பல் கம்பெனியில இருந்து."

"தேதி இல்ல."

"மறந்திருப்பாங்க."

"வரிசை எண் இல்ல. சோதனை பண்ற அதிகாரி யாருன்னு இல்ல."

"அதுவா? பக்கத்துல இருக்கற குளிர்பதனக் கிடங்கு மேலாளர்னு சொன்னாங்க."

"அட, அது நீங்கதான!"

"அப்படியா? ஆமா, நான்தான்."

"மனைவியார்னு போட்டிருக்கு. பொண்டாட்டி இல்லாத ஆளுங்க வந்தா யார உக்கார வைப்பாங்க?"

நான் கூரையைப் பார்த்தேன். விசிறி இரண்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"'பயணிகள் ஒவ்வொருவரும்'னுதாங்க இருக்கும். தப்பா அடிச்சிருக்காங்க. எங்க ஜன்னல்ல இதைக் கையால கூடத் தொட மாட்டோம். திருப்பி அனுப்புங்க."

திருப்பி அனுப்பினேன். எனக்கே. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாக் குறையையும் சரிசெய்து புதிதாக அடித்தேன். ஒவ்வொருவரும் என்றால் நானும் உட்கார வேண்டும் என்று அப்போது தோன்றாமல் இல்லை. கிடங்கே என்னுடையது, இருபது நிமிஷம் என்ன பெரிய விஷயம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது படிவத்தை அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"தகுதி உண்டு, தகுதி இல்லை, ரெண்டையும் ஒரே தாள்ல போட்டா அடிச்சுத் திருத்திடுவாங்க. தனித்தனித் தாள் வேணும்."

"சொல்றேன்."

"தகுதி இல்லாதவங்கள என்ன பண்ணுவாங்கன்னு போடலயே?"

"கப்பல்ல ஏத்த மாட்டாங்க!" என்றேன், கொஞ்சம் அதிக ஆர்வத்தோடு.

"தெரியாம ஏறிட்டாங்கன்னா? எங்க ஆபீஸ்ல எந்த ஃபாரமா இருந்தாலும் அதுக்கு ஒரு வரி இருக்கும். அப்புறம் கையெழுத்து, முத்திரை. அதெல்லாம் இல்லாத தாளுக்கு மரியாதையே கிடையாதுங்க."

பாவம், தனக்குக் குழி தோண்ட எனக்குத் தானே மண்வெட்டி எடுத்துக் கொடுக்கிறாளே என்று மனசு லேசாக உறுத்தியது. ஆனாலும் மறுநாள் போய் அடித்தேன். 'தவறி ஏறிவிட்டால் பயணம் முடியும்வரை இவரை அறையை விட்டு வெளியே விடக் கூடாது.' அந்த வரியை நாலு தடவை படித்து ரசித்தேன்.

என் வேலை முறை ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். கிடங்கில் மணிக்கொரு தடவை உள்ளே போய்க் குளிர்மானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. நான் காலை ஒன்பது மணிக்கே சாயங்காலம் வரைக்குமான மைனஸ் பதினெட்டுகளை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவேன். அந்தப் பழக்கத்தில் இரண்டு தாள்களிலும் சோதனைக்கு முன்பே கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திவிட்டேன். தகுதி உண்டு, எனக்கு. தகுதி இல்லை, அவளுக்கு. பெயரை மட்டும் அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று காலியாக விட்டேன்.

மூன்றாவது படிவங்களைப் பார்த்து அவள் தலையாட்டினாள். "இப்பதாங்க இது ஒரு ஃபாரம்" என்றாள். ஜன்னல் மூன்றில் அந்தப் பாராட்டு வருஷத்துக்கு ஒருத்தருக்குக் கிடைத்தால் அதிகம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கிடங்குக்கு வந்தோம். வாசலில் ஐஸ் அண்ணன் நின்றிருந்தார். உள்ளே பெட்டி அடுக்குகிறவர். வெளியே வந்தாலும் புருவத்தில் கொஞ்சம் உறைபனி இருக்கும் என்பதால் அந்தப் பெயர்.

"அண்ணே, எங்களுக்கு ரெண்டு கோட்டு வேணுமே" என்றாள் என் மனைவி.

"வாங்கம்மா. இது என்னோட கோட்டு, சூடா இருக்கும், நீங்க போட்டுக்குங்க. சாருக்குத்தான் அவரோடதே இருக்கே."

ஆணியில் ஒரு பெரிய நீலக் கோட்டு தொங்கியது. நெஞ்சில் 'மேலாளர்' என்று தைத்திருந்தது. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஜிப்பை இழுத்தேன். வரவில்லை.

"துருப்பிடிச்சிருக்கும் சார். முப்பது வருஷமா அப்படியே தொங்குதுல்ல."

"ஏன் அண்ணே அப்படியே தொங்குது?" என்று அவள் கேட்டாள்.

நான் கண்ணால் ஜாடை காட்டினேன். ஐஸ் அண்ணன் பெட்டியைத்தான் கவனிப்பார், ஜாடையைக் கவனிக்க மாட்டார்.

"சார் உள்ள வந்தாத்தானம்மா போடுவாரு? இன்னிக்குத்தானே முதல் தடவையா வர்றாரு!" என்றார் சந்தோஷமாக, கனமான கதவைத் திறந்தபடி.

உண்மைதான். நான் முப்பது வருஷம் குளிரை ஆண்டவன், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து. மேசைக்கு அடியில் காலுக்கு ஒரு ஹீட்டர். ஆனால் வீட்டில் நான் சொல்லிவைத்த கதை வேறு. 'நீ அடுப்படியில நிக்கறதுக்கே சலிச்சுக்கிற. நான் தினமும் மைனஸ் பதினெட்டுல நடக்கிறேன். மூச்சு உறையும். கதவு சாத்திக்கிட்டா அவ்வளவுதான், ஒரு பய கண்டுபிடிக்க முடியாது.' கல்யாணமான முதல் மாதம் சொன்னது. சொல்லிக்கொண்டேயும் இருந்தது.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே நடந்தாள்.

உறைந்த பட்டாணிப் பெட்டி ஒன்றின் மேல் அவள் உட்கார்ந்தாள். பக்கத்துப் பெட்டியில் நான். கதவை முக்கால்வாசி சாத்திவிட்டு ஐஸ் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது நிமிஷம் மூக்கு இருக்கிற இடம் தெரியவில்லை. திறந்த ஜிப் வழியாகக் குளிர் சொந்த வீடு மாதிரி உள்ளே வந்து போனது. மீசையைத் தொட்டால் குச்சி குச்சியாகக் குத்தியது. அவளைப் பார்த்தேன். கைப்பையிலிருந்து கப்பல்காரர்களின் புத்தகத்தை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இதக் கேளுங்க. பெரிய பென்குயின்ல, முட்டை போட்டதும் பொண்டாட்டி கடலுக்குக் கிளம்பிடுமாம். புருஷன் ரெண்டு மாசம் முட்டையைக் கால் மேல வெச்சுக்கிட்டு அப்படியே நிக்குமாம். சாப்பாடு கூடக் கிடையாதாம்."

"ந... நல்ல குடும்பம்."

"நீங்க பால் பொங்காம பாத்துக்கிட்டதே கிடையாது."

நாலாவது நிமிஷம் என் பற்கள் தனியாக ஏதோ பேச ஆரம்பித்தன. எழுந்தேன். "வெ... வெளியே ஒரு ஃபைல் பாக்கணும்" என்று சொன்னதாக ஞாபகம். கதவைத் தாண்டியதும் ஹீட்டரைக் கட்டிக்கொண்டேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால், அவள் ஐஸ் அண்ணனிடம் அவர் மகளின் படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிஷம் முடிந்துவிட்டது என்று அவர் சொன்ன பிறகும் பேச்சு முடியவில்லை. இருபத்தாறாவது நிமிஷம் வெளியே வந்தாள். கன்னம் மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது.

என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க தினமும் உள்ள போறதா சொன்னீங்களே."

"அது வந்து..."

"கதவு சாத்திக்கிட்டா கண்டுபிடிக்கக்கூட முடியாதுன்னு சொன்னீங்களே."

"ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"அதுக்குப் பயந்துதாங்க ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணேன். 'சீட்ல'ன்னு உங்க வாயால கேட்டாத்தான் எனக்கு வேலையே ஓடும். ஜன்னல்ல ஆளுங்க வரிசையா நின்னு திட்டுவாங்க. திட்டிட்டுப் போகட்டும்னு பண்ணேன்."

எந்த போனிலிருந்து தப்பிக்கத் தென் துருவம் வரை போக நினைத்தேனோ, அந்த போனை நானே என் வாயால் வரவழைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, வெட்கம்தான்.

வீட்டுக்கு வந்ததும் வாளி நிறைய வெந்நீரில் என் கால்களை வைத்தாள். நான் தும்மினேன்.

"உனக்குக் குளிரே ஆகாதே! ஃபேனை ரெண்டுல வைக்கிற ஆளாச்சே!"

"மூணுக்கு மேல போனா விடிகாலையில வரிசையா பதினேழு தும்மல் போடறது யாரு? நான் எண்ணியிருக்கேன். எனக்கென்ன, அஞ்சுல வெச்சாலும் தூங்குவேன்."

அதோடு போர் முடிந்தது. முப்பது வருஷமாக எதிரிப் படையே இல்லாமல் நான் மட்டும் சண்டை போட்டிருக்கிறேன்.

"சரி, ஃபாரத்தைப் பூர்த்தி பண்ணுங்க" என்றாள். 'தகுதி உண்டு' தாளில் அவள் பெயரை எழுதினேன். அதை வாங்கி எங்கள் ஃப்ரிஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். இன்னொரு தாளைத் தேடினேன், கிழித்துப் போட்டுவிடலாம் என்று. பையில் இல்லை. திங்கட்கிழமை ஆபீஸ் மேசையில் தேடினேன், அங்கேயும் இல்லை. குப்பைக்குப் போயிருக்கும், தொலையட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து போன் நின்றுவிட்டது.

பத்து மணிக்கு வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. போன் கெட்டுவிட்டதோ என்று மேசைப் போனிலிருந்து அதற்கு நானே அடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் மணி அடித்தது. கடைசி இரண்டு வாரமும் அப்படியே போயின. கேட்ட வரம் கிடைத்துவிட்டது, துருவத்துக்குப் போகாமலேயே. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் தாங்க முடியாமல் நானே அவளுக்குப் போன் செய்தேன்.

"நான் சீட்லதான் இருக்கேன்."

"தெரியுமே. வேற எங்க போவீங்க? ஜன்னல்ல ஆள் நிக்கறாங்க, வைக்கட்டுமா?"

வழியனுப்பு விழாவில் முதலாளி மைக்கைப் பிடித்து முழங்கினார். என் மனைவி முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். ஐஸ் அண்ணன் தன் கோட்டைத் துவைத்து, மடித்து, 'அம்மாவுக்கு' என்று கொடுத்தார். எனக்குக் கொடுத்தது ஒரு ஜிப்.

மூன்று விமானம் மாறி, ஒரு துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தோம். வெள்ளைக் கப்பல், மேலே ஆரஞ்சு நிறப் படகுகள். ஏணிப்படி அருகே ஒரு பெண் அதிகாரி கையில் பட்டியலோடு நின்றாள். "டாக்டர் சான்றிதழ்?" என்று கேட்டாள்.

நான் அடித்த சோதனை மும்முரத்தில் உண்மையான சான்றிதழ் என்று ஒன்று உண்டா என்றே பார்க்கவில்லை. என் மனைவி சாவகாசமாகக் கைப்பையைத் திறந்து இரண்டு தாளை நீட்டினாள். எட்டிப் பார்த்தேன். இரண்டிலும் ஆறாம் தேதி. எனக்குக் கடிதம் வந்தது ஐந்தாம் தேதி. நான் அவளிடம் சொன்னது ஒன்பதாம் தேதி.

"இது எப்படி ஆறாம் தேதி?"

"பிரஷர் பாக்கப் போனோமே."

"உனக்குத்தான் அப்ப விஷயமே தெரியாதே!"

"ஏங்க, உங்க சாப்பாட்டுப் பையை வீட்டுல யாரு துவைக்கிறது?"

ஏணிப்படியில் அவள் முன்னால் ஏறினாள். நான் பின்னால்.

"அப்போ அந்த ஃபாரம்?"

"முதல் தாள்லயே தெரிஞ்சுதுங்க. ஓரத்துல ஒரு கருப்புக் கோடு. உங்க ஆபீஸ் பிரிண்டர்ல அடிச்சு வர்ற லெட்டர் எல்லாத்துலயும் அந்தக் கோடு இருக்கு."

"தெரிஞ்சுமா வந்து உள்ள உக்காந்த?"

"நீங்க வேலை பாத்த இடத்தை ஒரு தடவையாவது உள்ள போய்ப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. நீங்க கூட்டிட்டே போகல. ஃபாரத்தைப் பாத்ததும், சரி, இப்பவாவது கூப்பிடறாரேன்னு வந்தேன்."

மிச்சப் படிகளை அவள் செருப்பைப் பார்த்தபடியே ஏறி முடித்தேன்.

எங்கள் அறை சின்னது. இரண்டு கட்டில், ஒரு வட்ட ஜன்னல். அவள் ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் கைப்பையை வைத்தாள். அத்தோடு அந்த விவகாரம் தீர்ந்தது. கப்பல் நகர்ந்ததும் நான் சத்தமில்லாமல் பின்தளத்துக்கு நழுவினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கரை சின்னதாகிக்கொண்டே போனது. போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் மூன்று கோடு இருந்தது, இரண்டானது, ஒன்றானது, அதுவும் போனது.

உலகத்தில் யாரும் என்னைக் கேட்க முடியாத இடம். எத்தனை வருஷக் கனவு! பத்து நிமிஷம் நின்றேன். காற்று நன்றாகத்தான் இருந்தது. கடலும் நன்றாகத்தான் இருந்தது. வெற்று போனை மறுபடி எடுத்துப் பார்த்தேன், எதற்கென்று தெரியாமல். யாராவது ஒருத்தர் கேட்டால் தேவலை என்று இருந்தது.

அப்போது தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. இருநூற்றுப் பதினான்காம் அறைப் பயணியின் கவனத்துக்கு. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று உங்கள் மனைவி கேட்கிறார்.

தளத்தில் இருந்த முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. கம்பியை விட்டுவிட்டு ஓடினேன். வாழ்நாளில் அந்தக் கேள்விக்கு ஓடிப்போய்ப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

"பின்னாடி, கம்பிகிட்ட இருந்தேன்" என்றேன் மூச்சிரைக்க.

"சரி. இங்க ஏதோ சோதனையாம், பையெல்லாம் எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

கீழ்த்தளக் கூடத்தில் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். துருவத்தில் வெளியூர் விதை ஒன்றுகூட விழக் கூடாதாம். அதனால் கரையில் இறங்கப் போகிறவர்களின் கோட்டுப் பை, செருப்பு, கைப்பை எல்லாவற்றையும் கவிழ்த்து, தூசி உறிஞ்சும் குழாயால் சுத்தம் செய்தார்கள். ஏணிப்படியில் பார்த்த அதே பெண் அதிகாரிதான். என் பையில் ஒரு ஜிப் கிடைத்தது. என் மனைவியின் கைப்பையைக் கவிழ்த்தாள். சீப்பு, கண்ணாடிக் கூடு, பேனா, பென்குயின் புத்தகம், நாலாக மடித்த ஒரு தாள்.

மடிப்பில் விதை இருக்கலாம் என்று அதிகாரி தாளைப் பிரித்து உதறினாள். ஓரத்தில் ஒரு கருப்புக் கோடு தெரிந்தது.

"இது... இது எப்படி உன்கிட்ட?"

"சோதனை அன்னிக்கு உங்க மேசை மேல கிடந்தது. பாதி பூர்த்தி பண்ணின ஃபாரத்தை அப்படியே போட்டுட்டு வரலாமா?"

"கிழிச்சுப் போட்டுடேன்."

"பதினாலு நாள் போகட்டுங்க. நீங்க என்னைத் தனியா விட்டுட்டு எங்கேயும் நழுவாம இருக்கீங்களான்னு பாக்கறேன். திரும்பி வந்ததும் கிழிச்சுடலாம்."

"முக்கியமான ஆவணமா?" என்று அதிகாரி கேட்டாள்.

"இன்னும் இல்ல" என்று சொல்லிச் சிரித்தபடி அதை வாங்கினாள் என் மனைவி. மடிப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு தடவை காட்டினாள். தகுதி இல்லை. தவறி ஏறிவிட்டால் பயணம் முடியும்வரை இவரை அறையை விட்டு வெளியே விடக் கூடாது.

தேதி சரியாக இருந்தது. வரிசை எண், முத்திரை, என் கையெழுத்து, எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. பெயர் எழுதும் இடம் மட்டும் காலி, பேனா அவள் கையில்.